ஃப்ரீசியர் எழுதிய அழைப்புக் கடிதம்

1. நெதர்லாந்தின் வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணத்திலிருந்து ஓர் ஆலோசகர் எங்கள் பால் பண்ணைக்கு வந்து மூன்று வாரம் இருந்தார்.

2. இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டின்போது, வீட்டில் என்ன மொழி பேசுவாய் என்று என்னைக் கேட்டார். தமிழ் என்றேன்.

3. போகும் முன் அவருடைய ஊரில் நடக்கும் மூன்று மாதப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்.

4. எனக்கு முப்பது வயது முடிந்தது. இந்த நாட்டில் முப்பதில் அடையாள அட்டையை மாற்ற வேண்டும். புதிய அட்டை இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது.

5. அவர் அழைப்புக் கடிதம் அனுப்பினார். அதில் என்னை ‘மியன்மாரின் தமிழ்ச் சிறுபான்மை மக்களில் ஒருவர்’ என்று எழுதியிருந்தார்.

6. படித்தேன். மகிழ்ந்தேன். பர்மிய மொழியில் பெயர்த்து முத்திரை வாங்கினேன். அட்டையை விரைவாகத் தரக் காரணம் காட்ட வேண்டும் என்பதால் அதையே விண்ணப்பத்தோடு இணைத்தேன். நான்கும் என் தவறு.

7. என் பழைய அட்டையில், இனம் என்ற இடத்தில் ‘பமா’ என்று இருந்தது. பமா என்றால் பர்மியர்.

8. அலுவலகத்தில் கடிதத்தையும் அட்டையையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கறவை மாட்டின் முழு வாழ்க்கையை எட்டுக் கட்டங்களில் எழுதிப் பழகியவள் நான், அதனால் எட்டு வரி எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. ஆனால் திரும்பப் படித்தால் எந்த வரியிலும் என் கோபம் இல்லை. அது ஓர் ஆள்மீது மட்டும் இருந்தால் ஒன்பதாவது வரியாக எழுதி முடித்திருப்பேன்.

ரங்கூன் நகரத்துத் தாமுவேயில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பண்ணை ஆற்றைத் தாண்டி, தன்லியினுக்கும் அப்பால். காலையில் ஆறு மணிக்கு முன்பே பண்ணையின் ஃபெரி வந்துவிடும். இங்கே கம்பெனி பஸ்ஸுக்கு அதுதான் பெயர். பாகோ ஆற்றுப் பாலத்தில் தொழிற்சாலை ஃபெரிகளுக்கு இடையில் அரை மணி நேரம் நின்று போவோம். நான் படித்தது தகவல் தொழில்நுட்பம். பண்ணையில் என் வேலை மாட்டுப் பதிவேடு: காதுவில்லை எண், பிறந்த தேதி, தாய், தந்தைக் காளை, சினை ஊசி போட்ட தேதி, எத்தனையாவது ஈற்று, ஒரு நாள் பால், ஃப்ரீசியன் ரத்தம் எவ்வளவு பங்கு. கடைசிக் கட்டம்தான் முக்கியம். அரை, முக்கால், எட்டில் ஐந்து என்று எழுதுவோம். கறுப்பு வெள்ளை நிறத்து முழு ஃப்ரீசியன் மாட்டை இந்த வெயிலில் கட்டிப்போட்டால் நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கும், பாலும் வற்றிவிடும். உள்ளூர் மாட்டின் ரத்தம் கொஞ்சம் கலந்தால்தான் நிற்கும். விருந்தினர் யாராவது வந்தால் எங்கள் மேலாளர் கொட்டகையைக் காட்டிப் பெருமையாகச் சொல்வது, “எல்லாம் நல்ல கலப்பு.”

ஆலோசகர் வந்த முதல் நாள், மேலாளர் அவரை ஹாலந்திலிருந்து வந்திருக்கும் ஸயா என்று அறிமுகப்படுத்தினார். ஸயா என்றால் ஆசிரியர், மரியாதைக்குரியவர். அவர் கையை உயர்த்தித் திருத்தினார்.

“ஹாலந்து இல்லை. ஃப்ரீஸ்லாந்து. ஹாலந்து எங்களுக்கு ஏரியின் அந்தக் கரை.”

“பாஸ்போர்ட் நெதர்லாந்துதானே, ஸயா?” என்றார் மேலாளர்.

“பாஸ்போர்ட் அது. ஆள் ஃப்ரீசியன்.”

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் தோழி, பமாப் பெண், என் காதருகே கேட்டாள்: “மாட்டுக்கு இவங்க ஊர்ப் பேரா, இல்ல ஊருக்கு மாட்டுப் பேரா?” அவர் விடாமல் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது. எழுதி வைக்கிறேன், அது உண்மை.

அடுத்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் அவர் தன் ஊரின் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். கடற்கரையை ஒட்டிய தட்டை நிலம். அணை கட்டக் கற்பதற்கு முன் கடல் நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்து போகும். அந்த மக்கள் களிமண்ணையும் மாட்டுச் சாணத்தையும் கொட்டி மேடு எழுப்பி, மேட்டின்மேல் வீடு கட்டி இருந்தார்கள். சுற்றிலும் மற்ற ஊர்களில் பிரபுக்கள் ஆண்டபோது, எங்களுக்கு மேலே பேரரசர் ஒருவர்தான், நடுவில் யாரும் கிடையாது என்று சில நூறு ஆண்டுகள் சாதித்தார்கள். அவர்கள் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. இன்று அந்த மாகாணத்தில் அது அரசு மொழி, ஊர்ப் பலகைகளில் இரண்டு பெயர்கள் இருக்கும்.

நெப்போலியன் காலத்தில்தான் எல்லோரும் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். அதற்கு முன் அவர்களில் பலருக்குத் தன் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். எங்களுக்கும் அப்படித்தான், அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போடுவோம் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பர்மியப் பெயர்களில் அப்பா கிடையாது. நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று அந்த ஒரு வாக்கியத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

ஒரு பழைய வாக்கியத்தையும் கற்றுக்கொடுத்தார். வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி என்று அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்ல முடியாதவன் ஃப்ரீசியன் இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கலகக்காரர் பிடிபட்டவர்களை இதைச் சொல்லச் சொல்லி, தடுமாறியவர்களைக் கொன்றதாகக் கதை. மேசையில் ஒவ்வொருவரும் சொல்லிப் பார்த்துத் தடுமாறினார்கள். “நீங்கள் எல்லோரும் செத்தீர்கள்” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஐந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டால் அது சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற கதை. இந்த ஊரில் நீ எந்த இனம் என்று கேட்கும் கேள்விக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த கதை நீதிமன்றக் கதை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வழக்கில் ஃப்ரீசிய மொழியில் பேச நீதிபதி அனுமதிக்கவில்லை. மாகாணத் தலைநகரில் நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது, போலீஸ் தடியால் அடித்தது. ஐந்தாண்டுகளுக்குள் சட்டம் மாறிவிட்டது. இன்று அங்கே சாட்சிக் கூண்டில் அவர்கள் மொழியிலேயே சத்தியம் செய்யலாம்.

“ஐந்து ஆண்டா?” என்றேன்.

“நீண்ட காலம்தான்” என்றார் வருத்தத்தோடு.

இன்னொரு நாள் அவரே சொன்னது, அதையும் எழுத வேண்டும். அகழ்வாராய்ச்சி செய்பவர்கள் அந்த மேடுகளைத் தோண்டிப் பார்த்தபோது, நடுவில் ஒரு காலகட்டத்தில் அவை ஏறக்குறைய காலியாக இருந்தது தெரிந்ததாம். பழைய ஃப்ரீசியர்கள் வெள்ளத்துக்குப் பயந்தோ வேறு எதற்கோ போய்விட்டார்கள். பிறகு கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வேறு மக்கள் வந்து குடியேறி, அந்த நிலத்தின் பழைய பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள் என்று பலர் கருதுகிறார்கள். கறுப்பு வெள்ளை மாடும் அப்படித்தான். முன்பு அங்கே சிவப்பு மாடுகள்தான் அதிகம்; கொள்ளைநோயில் மந்தைகள் அழிந்தபின் டென்மார்க் பக்கத்திலிருந்து ஓட்டிவந்து கலந்தது.

“அப்படியானால் நீங்களும் வந்தவர்கள்தானே?” என்று கேட்டேன்.

“ஆமாம். யார் வரவில்லை?” என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

எங்கள் சட்டத்தில் ஓர் ஆண்டு இருக்கிறது. 1823. ஆங்கிலேயர் வருவதற்குச் சற்று முன். அதற்கு முன்பே இங்கே இருந்த இனம் என்றால் மண்ணின் மக்கள். பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் என்றால், எத்தனை தலைமுறை ஆனாலும் தாள் காட்ட வேண்டும். அப்பாவின் பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்தவர். வந்த கப்பலின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. காலியான மேட்டில் ஏறி உட்கார்ந்து பெயரையும் எடுத்துக்கொண்டவர்களிடம் யாரும் ஆண்டு கேட்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை சூடாகிறது.

அதே மேசையில்தான் அந்தக் கேள்வி வந்தது. தமிழ் என்று நான் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள். அது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. என் முகமும் அம்மா கட்டித் தரும் ரசமும் அவர்களுக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் எங்கள் பண்ணையில், இந்த நகரத்தில், நல்லவர்கள் யாரும் அதை ஒருவரிடம் நேராகக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் இங்கே நட்பு. ஆலோசகருக்கு அது தெரியவில்லை. அவர் ஊரில் கேட்பதுதான் நட்பு.

கடிதம் வந்தபோது அந்த வரியை மூன்று முறை படித்தேன். அலுவலக முத்திரை இட்ட தாள் ஒன்றில் என்னைப் பற்றி அப்படி ஒரு வரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் வட்டாரத்து அட்டை அலுவலகத்தில் இரண்டு வரிசைகள். இடது வரிசை நகரும். வலது வரிசை ‘துவேநோ’க்களுக்கு, ரத்தக் கலப்பு உள்ளவர்களுக்கு: இந்தியர், சீனர், முஸ்லிம்கள், அட்டையில் இனம் என்ற இடத்தில் இரண்டு சொல் எழுதப்பட்டவர்கள். நான் இடது வரிசையில் நின்றேன். பமாப் பெண்களைப்போலக் கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, தமெய்ன் என்ற நீளப் பாவாடை கட்டி, பொட்டில்லாமல். பொட்டை அம்மாதான் கிளம்பும்போது கட்டைவிரலால் துடைத்துவிட்டாள், தூசி தட்டுவதுபோல.

மேசையில் இருந்தவர் அம்மா வயதுப் பெண், கொண்டையில் பூ வைத்திருந்தார். ஸயாமா என்று கூப்பிட்டேன், ஸயாவுக்குப் பெண்பால். அவர் என்னை ஞீமா, தங்கை, என்றார். பேச்சு பர்மிய மொழியில்தான்.

“ஞீமா, இந்தக் கடிதம் யார் எழுதினது?”

“பயிற்சி குடுக்கற ஆலோசகர், ஸயாமா.”

“உன்னை எவ்வளவு நாளாத் தெரியும் அவருக்கு?”

“மூணு வாரம்.”

“மூணு வாரத்துல உன் இனத்தைக் கண்டுபிடிச்சிட்டாரு. நாங்க முப்பது வருஷமாப் பார்க்கறோம், எங்களுக்குத் தெரியல பாரு.” பென்சிலால் அட்டையில் பமா என்ற சொல்லைத் தொட்டார், பிறகு கடிதத்தில் தமிழ் என்ற சொல்லைத் தொட்டார். “வீட்ல என்ன சாமி?”

“புத்தர் இருக்கார். முருகனும் இருக்கார்.”

“சண்டை போட்டுக்காம இருக்காங்களா?”

எனக்குப் பின்னால் நின்றவர் மூக்கால் சிரித்தார்.

“சாதாரண விண்ணப்பமா வந்திருந்தா நான் பாத்துட்டு விட்டிருப்பேன்,” என்றார் அவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. “இது மேல போற கோப்பு. ரெண்டுல ஒண்ணு பொய். கடிதம் தப்புன்னா, நான் பமா, வீட்டில் தமிழ் பேசுவதில்லை, எழுதியவர் தவறாகப் புரிந்துகொண்டார்னு ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடு. பத்து நாள்ல அட்டை. அட்டை தப்புன்னா,” தாடையை உயர்த்தி வலது வரிசையைக் காட்டினார். “குடும்பப் பட்டியலை இறக்கணும். மூணு தலைமுறைக்கும் தாள் கேப்பாங்க. யோசிச்சிட்டு வெள்ளிக்கிழமை வா.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வீட்டில் அப்பா இன்வெர்ட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மின்சாரம் போய் வரும் ஊரில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. நான் சொன்னதைத் திருப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“எழுதிக் குடுத்திட்டு வா. ஒரு வரிதானே.”

“பொய்ப்பா அது.”

“பதினெட்டு வயசுலேருந்து பையில வெச்சிருக்கியே, அது என்ன? அன்னிக்கு நீயும்தான் பக்கத்துல நின்னே.”

நின்றேன்தான். பதினெட்டில் அட்டை மாற்றியபோது மேசையில் இருந்தவர் என்னைப் பார்க்காமலே, “பமா, பௌத்தம், சரியா?” என்று கேட்டார். அப்பாவின் அட்டையில் இந்தியர், இந்து என்று இருந்தது. அது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் அதே மேசைமேல் கிடந்தது. அப்பா தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த அட்டையோடு கல்லூரிக்குப் போனேன், வேலைக்குப் போனேன், சாலைச் சோதனைகளில் இரண்டாம் முறை யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“அந்த வெள்ளக்காரன்கிட்ட நீ ஏன் வாய விட்டே?”

“கேட்டாரு, சொன்னேன்.”

“கேட்டாச் சொல்லிடறதா? இத்தினி வருசம் ஒருத்தரும் கேக்கலியே. ஏன் கேக்கல? நல்ல மனுசங்க, அதான். இவன் யாரு, வந்தமா மாட்டப் பாத்தமா போனமான்னு இல்லாம.”

“அவரு மரியாதையாத்தான் எழுதியிருக்காரு.”

“மரியாதைய அவன் வீட்லயே வெச்சுக்கச் சொல்லு.”

அம்மா அடுப்படியிலிருந்து, “ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க, கீழ் வீட்ல கேக்கும்” என்றாள். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். கீழ் வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினோம்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஆலோசகரை அழைத்தேன். இணைப்பு இரண்டு முறை அறுந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று. அவருக்கு முதலில் புரியவில்லை.

“ஆனால் அது நல்ல வரி இல்லையா? எங்கள் அலுவலகத்தில் சண்டை போட்டு அதைச் சேர்த்தேன். அவர்கள் மியன்மார்க்காரர் என்று மட்டும் போடப் பார்த்தார்கள். எங்களை எல்லோரும் டச்சு என்று எழுதுவார்கள். அதையே நான் உங்களுக்குச் செய்ய விரும்பவில்லை.”

“நான் உங்களிடம் கேட்கவில்லை” என்றேன்.

“உடனே வேறு கடிதம் அனுப்புகிறேன். அந்த வரி இல்லாமல்.”

“அனுப்பினால் இரண்டு கடிதம் இருக்கும். ஏன் மாற்றினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.”

“எங்கள் ஊரிலும் இப்படி இருந்தது. நீதிமன்றத்தில் நாங்கள்...”

“உங்கள் கூட்டத்தை அடித்தபோது அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மொழியைத்தான் கேட்டார்கள். அடித்த போலீசும் அடிபட்டவர்களும் ஒரே பாஸ்போர்ட் வைத்திருந்தார்கள்.”

இதைச் சத்தமில்லாமல்தான் சொன்னேன். ஆய்வகத்தில் பாலின் கொழுப்புப் பார்க்கும் எந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. தோழி அதன் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆலோசகர், தூதரகத்தில் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னொருவர் சாப்பாட்டு மேசையில் சொன்னதைத் தாளில் எழுதும் முன் அவரிடம் கேளுங்கள் என்றேன். எழுதிக்கொள்வதுபோல் சத்தம் வந்தது. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. என்னிடமிருந்து இன்னொரு பாடத்தை எடுத்துக்கொண்டு அவர் நல்லவராகிவிடுவார்.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாட்கள் இருந்தன. நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். கையெழுத்துப் போட்டால்: மூன்று மாதப் பயிற்சி, திரும்பி வந்து பதிவேட்டுப் பிரிவுக்குப் பொறுப்பு, அடுத்து அட்டை மாற்றும் நாற்பத்தைந்து வயதுவரை யாரும் கேட்கமாட்டார்கள், அப்பா நிம்மதியாக இருப்பார். போடாவிட்டால் என்ற பக்கத்தில் நல்லது என்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. இடது பக்கம்தான் ஜெயித்தது. அப்பாவிடம் அன்று மாலை, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றே சொன்னேன்.

வாக்குமூலத்தைப் பர்மிய மொழியில் எழுத உட்கார்ந்தேன். ‘வீட்டில் தமிழ் பேசுவதில்லை’ வரை வந்தேன். என் தமிழ் ஒன்றும் பெரிய தமிழ் இல்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றேன், மீதியைத் தொலைபேசியில் தட்டித் தட்டிக் கற்றேன். கணக்கும் கனவும் எனக்குப் பர்மிய மொழியில்தான் வரும். அதற்காக உயிரைக் கொடுக்கும் ஆள் இல்லை நான். என் கையை நிறுத்தியது வேறு.

பண்ணையில் சேர்ந்த புதிதில் நான் கண்டுபிடித்த ஒரு பிழை உண்டு. எனக்கு முன் இருந்தவர், ஒரு கிடேரியின் தந்தை யார் என்று தெரியாதபோது, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக ஏதோ ஒரு காளையின் எண்ணை எழுதிவிட்டார். அதை நம்பி அந்தக் கிடேரிக்கு ஊசி போட்டார்கள், போட்டது அதன் உண்மையான தந்தையின் விந்துதான் என்று பிறகு தெரிந்தது. கன்று நிற்க முடியாமல் பிறந்தது. அதன்பின் நான் போட்ட விதி, தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுது, தெரிந்தால் தெரிந்ததை எழுது. பண்ணையில் எல்லோரும் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறார்கள், மேலாளர் உட்பட. மாட்டுக்கு நான் எழுத மறுப்பதை எனக்கு எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். பதினெட்டில் எழுதியது இன்னொருவர் கை. இப்போது என் கையைக் கேட்கிறார்கள். இதில் வீரம் ஒன்றும் இல்லை. முழுக்க ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை வேறு தாள் எடுத்துப் போனேன். ‘கடிதத்தில் உள்ளது சரி. அட்டையில் உள்ள பதிவு தவறு. திருத்தித் தரவும்.’

மேசையில் இருந்த ஸயாமா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பைத்தியமா உனக்கு? அந்தப் பக்கம் நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன், ஸயாமா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவர் அட்டையும் உள்ள போகும். பட்டியல்ல இருக்கற எல்லார் அட்டையும் போகும். அது தெரியுமா?”

தெரியாது. மூன்று தலைமுறைத் தாள்கள் என்றால் நகல்கள் என்று நினைத்திருந்தேன். நோட்டில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் எழுதி இரண்டு நாள் யோசித்தவள், இந்த ஒரு வரியை விட்டிருந்தேன். தாளைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அவரும் கையை அதன்மேலிருந்து எடுத்து, வாங்கிக்கொள் என்பதுபோல் காத்திருந்தார். நான் வாங்கவில்லை. வலது வரிசைக்குப் போனேன்.

அங்கே எனக்கு முன்னால் நின்றவர் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம், அறுபது வயதிருக்கும். என் தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

“அந்த வரிசையிலேருந்து இந்த வரிசைக்கா வர்றீய?”

“ஆமா.”

“தானாவா?”

“தானாத்தான்.”

“நான் இருவத்திரெண்டு வருசமா அந்தப் பக்கம் போகப் பாக்குறேன்” என்றார். “எடத்த மாத்திக்கிடுவமா?” பிறகு கொண்டுவந்திருந்த முக்காலியை எனக்குத் தள்ளிவிட்டார்.

அன்று மாலை அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. “பயிற்சி போச்சு, சரி, அது உன்னுது. என் அட்டை உனக்கு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார். பாலத்துச் சோதனையில் காட்ட அட்டை இல்லாததால் அவர் இனி தன்லியினுக்குக்கூடப் பாலம் தாண்டி வேலைக்குப் போக முடியாது. ஆனாலும் குறிப்பிட்ட நாளில் மேல் அலமாரியிலிருந்து தன் பாட்டனாரின் துறைமுக வேலைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவரேதான் என்னோடு வந்தார்.

ஆலோசகர் மீது கோபம் தணிந்துவிட்டதா என்று தோழி கேட்டாள். இல்லை. அவர் பொய் எழுதவில்லை, உண்மையை எழுதினார் என்பதால் தணியவில்லை. தன் ஊரில் சொன்னால் கைதட்டும் உண்மையை என் ஊரில் இறக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டார். இன்னொரு கோபம், சட்டத்தில் ஆண்டு எழுதியவர்கள்மீது. இன்னொன்று, அப்பாவின் அட்டையை ஒரு கேள்விகூடக் கேட்காமல் உள்ளே தள்ளிய என்மீது. கடைசி இரண்டும் குறைய வழி தெரியவில்லை.

இன்றைய நிலை: என் கோப்பு மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது. அப்பா, அம்மா, நான் மூவரும் அட்டைக்குப் பதில் ரசீது வைத்திருக்கிறோம். அதை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்பா ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள வேலைகளை மட்டும் எடுக்கிறார். நான் பண்ணையின் ஃபெரியில் போவதால் பாலத்தில் ரசீதே போதுகிறது. பயிற்சி இடம் தோழிக்குப் போனது. அவள் அங்கே இருக்கிறாள், அவள் வேலையையும் சேர்த்து நான் பார்க்கிறேன். ஆலோசகர் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினார். ஒன்றுக்குப் பதில் எழுதினேன். புதிய அட்டை வரவில்லை. வந்தால் அதில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.